அறைக்குள் ஒரு பருவம்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேசவும் சமயம் பேசவும் வல்லவர்கள் பலர் நமது காலனியில் இருக்கின்றனர். நாமோ மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே பார்சல் காரியாலயத்தில் மூட்டைகளை நிறுத்துக் கணக்கெழுதும் குமாஸ்தா. செயலாளர் நம்மிடம் வந்து, "இவ்வாண்டு விஞ்ஞானத்தைப் பற்றி நீங்கள்தாம் பேச வேண்டும்" என்று கூறியபோது, ஆள் மாறி வந்துவிட்டாரோ என்றே எண்ணினோம். அவர் விடவில்லை. "உங்கள் மகள் பார்க்கும் வேலையைப் பற்றியே சொல்லுங்களேன், இங்கே பலருக்கு அது என்னவென்று தெரியாது" என்றார். அப்பலருள் நாமும் ஒருவராய் இருந்தோம் என்பதை அவர் அறியார்.

நம் மகள் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ பெற்றவள். தலைநகரிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த முறையில் வேலை கிடைத்தது. பயிர்களை வளர்த்து ஆராய்வதற்கென்று அங்கே மூடிய அறைகள் உண்டு. அவ்வறைகளில் வெப்பம், ஒளி, ஈரம் ஆகியவை குறித்த அளவில் நிற்கின்றனவா என்று பார்ப்பதும், அவற்றை நிறுத்தி வைக்கும் கருவிகளைச் சரிபார்ப்பதும் அவளது பணி. ஊரிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு படிக்க வைத்தது செடிக்குத் தண்ணீர் ஊற்றவா?" என்றார். உண்மையை மறைப்பானேன்? அன்று நாமும் அவருக்கு மறுமொழி கூறவில்லை. ரயில்வே தேர்வு எழுதி நிரந்தர உத்தியோகத்தில் அமராமல் இப்படி ஒரு வேலைக்குப் போகிறாளே என்ற குறை நம் நெஞ்சிலும் இருந்தது. அக்குறை எவ்வாறு நீங்கிற்று என்பதே நாம் இன்று பேச வந்த பொருள்.

முதலில் நம் வீட்டுப் பால்கனியிலிருந்து தொடங்குவோம். அங்கே இரண்டு சாமந்தித் தொட்டிகள் உள்ளன. ஒரே நாளில் வாங்கியவை. ஒரே மண், ஒரே உரம். கார்த்திகை மாதத்தில் ஒரு தொட்டி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கியது. மற்றொன்று இலையும் கிளையுமாய் வளர்ந்ததே அன்றி மொட்டு வைக்கவில்லை. நம் மனைவி உரக்கடைக்காரரைக் குறை கூறினாள். மகள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, குற்றம் உரத்தினுடையதன்று, தெருவிளக்கினுடையது" என்றாள். பூக்காத தொட்டி தெருவிளக்கின் வெளிச்சம் விழும் மூலையில் இருந்தது. சாமந்தி இரவின் நீளத்தை அளக்கும் செடி. நீண்ட, இடைமுறியாத இருட்டு வந்தால்தான் பனிக்காலம் நெருங்கிற்று என்று அறிந்து அது மொட்டு வைக்கும். தெருவிளக்கு விடிய விடிய எரிந்தமையால் அச்செடிக்கு ஐப்பசியும் வரவில்லை, கார்த்திகையும் வரவில்லை. மறு ஆண்டு தொட்டியை இடம் மாற்றி வைத்தோம், பூத்தது.

செடி நாள் பார்க்கிறது என்பது நம் முன்னோர் அறியாததன்று. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி நம் அனைவருக்கும் தெரியும். பழைய சம்பா நெல் வகைகளிற் பல, பகல் குறுகத் தொடங்கிய பின்னரே கதிர்விடும் இயல்புடையவை. இதை முறையாகச் சோதித்துக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இருவர். 'மேரிலாண்டு மாமத்' என்ற புகையிலை வகை கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி மனைக்குள்ளோ சிறு செடியாய் இருக்கும்போதே பூத்தது. வெப்பமா, ஈரமா, உரமா என்று ஒவ்வொன்றாய் ஆராய்ந்தும் விடை கிடைக்கவில்லை. 1918ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓர் இருட்டுக் கொட்டகை அமைத்து, தினமும் மாலை 4 மணிக்குச் செடிகளை உள்ளே வைத்து மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தனர். நடுக்கோடையிலேயே புகையிலை பூத்தது! பகலிரவின் நீளமே பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கிறது என்று 1920இல் உலகுக்கு அறிவித்தனர்.

அன்பர்களே, நமக்குப் பெருமகிழ்ச்சி அளித்த செய்தி ஒன்று இதில் உண்டு. கொட்டகை போதாமற் போகவே அவர்கள் பெரிய இருட்டறைகளைக் கட்டினர். செடிகளை உள்ளும் புறமும் கொண்டுசெல்லத் தண்டவாளம் அமைத்து, சிறு வண்டிகளின்மீது தொட்டிகளை ஏற்றித் தள்ளினர். பயிர் விஞ்ஞானத்தின் பெருங்கண்டுபிடிப்பு ஒன்று, குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுக் குறித்த நேரத்துக்கு வந்துசேர்ந்த ஒரு குட்டி ரயிலால் வலுப்பெற்றது என்று கூறினால் அது மிகையாகாது.

பகலின் நீளத்தை மாற்றியாயிற்று. வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அவ்வாறே மாற்ற முடியுமா? இதற்கு விடையாக எழுந்ததுதான் ஃபைட்டோட்ரான் என்னும் அமைப்பு. ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஃபிரிட்ஸ் வென்ட் என்பவர், கலிபோர்னியாவிலுள்ள பாசடீனா நகரில் 1949இல் முதல் ஃபைட்டோட்ரானைத் திறந்தார். அணுவைப் பிளக்கும் ஆராய்ச்சிக்கு 'சைக்ளோட்ரான்' என்னும் மாபெரும் யந்திரம் புகழ்பெற்றிருந்த காலம் அது. செடிக்கும் ஒரு 'ட்ரான்' வந்துவிட்டது என்று சகாக்கள் வேடிக்கையாய் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. ஓர் அறையில் குளிர், ஓர் அறையில் வெப்பம், ஓர் அறையில் நீண்ட பகல், மற்றோர் அறையில் நீண்ட இரவு. தொட்டிகள் வண்டிகளில் ஏறி அறைக்கு அறை பயணம் செய்தன. தக்காளிச் செடி நன்றாகக் காய்ப்பதற்கு இரவில் பகலினும் குறைந்த வெப்பம் வேண்டும் என்று வென்ட் தம் ஆராய்ச்சிகளால் நிறுவினார். வெட்டவெளியில் இதை எவ்வாறு பிரித்தறிவது? இரவு குளிரும் நாளில் காற்றும் மாறுகிறது, ஈரமும் மாறுகிறது. எல்லாம் சேர்ந்து மாறும்போது எது காரணம் என்று எவர் சொல்வார்? மூடிய அறையின் பயன் இதுவே. மற்ற அனைத்தையும் அசையாமல் நிறுத்திவைத்து ஒன்றை மட்டும் மாற்றலாம். செடியிடம் ஒரு சமயத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்.

இனி, அறைக்குள் யந்திரம் தானே இயங்குவது எங்ஙனம் என்று பார்ப்போம். இதை நம் மகள் நமக்கு விளக்கியபோது மாடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். தொட்டியில் ஒரு மிதவைப் பந்து உண்டு. நீர் இறங்கினால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். நீர் ஏறினால் பந்து ஏறும், குழாய் மூடும். எவரும் அருகில் நின்று பார்க்க வேண்டுவதில்லை. பயிர் அறையிலும் இதுவே நிகழ்கிறது. வெப்பத்தை உணரும் கருவி ஒன்று நொடிக்கு நொடி அளவைச் சொல்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதனை வேண்டிய அளவோடு ஒப்பிடுகிறது. 22 டிகிரி வேண்டும், 23 டிகிரி இருக்கிறது என்றால் குளிரூட்டும் யந்திரம் ஓடும்; குறைந்தால் சூடேற்றி எரியும். ஈரப்பதத்துக்கும் விளக்குகளுக்கும் அறைக்காற்றிலுள்ள கரியமிலவாயுவுக்கும் தனித்தனியே இத்தகைய காவல் உண்டு.

ஆனால் மிதவைப் பந்துக்கு முன்யோசனை கிடையாது. எல்லை தாண்டிய பிறகே அது விழிக்கும். அதனால் அறையின் வெப்பம் மேலும் கீழும் ஊசலாடும். நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டியோ தேர்ந்த எஞ்சின் டிரைவரைப் போன்றது. டிரைவர் பிளாட்பாரம் வந்த பின்பா பிரேக் போடுகிறார்? இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று கணித்து முன்னதாகவே வேகத்தைத் தணிக்கிறார். அவ்வாறே இப்பெட்டியும் குறி இன்னும் எவ்வளவு தொலைவில் உள்ளது, எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்று கணக்கிட்டுக் குளிரையும் சூட்டையும் சிறிது சிறிதாய்க் கூட்டிக் குறைக்கிறது. அறையும் அதிராமல் குறித்த அளவில் வந்து நிற்கிறது.

இத்தனை சிரமம் எதற்கு? வயலில் விளைந்தால் போதாதா என்று கேட்கலாம். நாமும் கேட்டோம். விடை கணக்கில் இருக்கிறது. இரண்டு கோதுமை வகைகளை ஒட்டுச் சேர்த்துப் புதிய வகை காண்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையில் தாயும் தந்தையும் வேறுபட்ட குணங்கள் அனைத்தும் கலந்தே நிற்கும். அக்கலப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாய்க் குறையும். நூறு என்பது அடுத்த தலைமுறையில் 50, பின்னர் 25, 12.5, 6.25 என்று இறங்கி, ஆறாவது தலைமுறையில் ஏறக்குறைய 3 ஆகும். அப்போதுதான் விதைத்தது விதைத்தவாறே முளைக்கும் உறுதி ஏற்படும். இவ்வட்டாரத்தில் கோதுமை நவம்பரில் விதைத்து ஏப்ரலில் அறுக்கும் பயிர். ஆண்டுக்கு ஒரு முறைதான் விளையும். ஆகவே ஆறு தலைமுறைக்கு ஆறு ஆண்டுகள். அதன் பிறகே வயல்தோறும் சோதனை.

காலத்தை மிச்சப்படுத்த விஞ்ஞானிகள் ஓர் உபாயம் செய்தனர். சமவெளியில் அறுவடை முடிந்ததும் விதையைக் குளிர்ந்த இடத்துக்கு அனுப்பி, கோடையிலேயே மற்றொரு முறை பயிரிட்டனர். இமயத்தின் லாஹூல் பள்ளத்தாக்கும் நமது நீலகிரியிலுள்ள வெலிங்டனும் இதற்கு உதவின. வடநாட்டு மக்கள் உண்ணும் ரொட்டியில் நீலகிரியின் குளிருக்கும் சிறு பங்கு உண்டு என்பதை நம் குழந்தைகள் அறிந்துகொள்ள வேண்டும். இவ்வகையில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை கிடைத்தது. மூடிய அறையோ இதனினும் விரைந்தது. ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தினரும் 2018இல் வெளியிட்ட முறையில், நாள் ஒன்றுக்கு 22 மணி நேரம் ஒளி அளித்து, ஆண்டுக்கு ஆறு தலைமுறை வரை கோதுமையை வளர்த்தனர். ஆறு ஆண்டின் காத்திருப்பு ஓர் ஆண்டில் அடங்கிற்று. நெல்லுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. பகல் குறுகினால் பூக்கும் இனம் அல்லவா அது? சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினர், இளமையில் நீண்ட பகலும் பின்னர்க் குறுகிய பகலும் அளித்து, நெல்லிலும் ஆண்டுக்கு நான்கைந்து தலைமுறைகள் காண வழி கண்டிருக்கின்றனர்.

நமது வாயிலிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கரோல்பாக்கைக் கடந்து செல்லும்போதெல்லாம் 'பூசா' என்ற பெயரைப் பார்க்கிறோம். பூசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905இல் அங்கே நிறுவப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டின் பூகம்பத்தில் இடிந்தது. 1936இல் அது டில்லிக்குக் குடிபெயர்ந்தபோது தன் ஊர்ப் பெயரையும் உடன் கொண்டுவந்துவிட்டது. பிழைக்க வந்த இடத்திலும் ஊர்ப் பெயரை விடாமல் வைத்திருப்பது நமக்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று போலும்! கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் அவர்கள் 1966 முதல் 1972 வரை இந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். இந்நிலையத்தின் தேசிய ஃபைட்டோட்ரான் 1997இல் நிறுவப்பெற்றது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் நானாஜி தேஷ்முக் அவர்களின் பெயரால் மற்றொரு மையமும் திறக்கப்பட்டது. அங்கே தொட்டிகள் தாமாக நகரும் பட்டையில் ஏறி ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்கின்றன. ஓரிடத்தில் கேமராக்கள் அவற்றைப் படம் பிடிக்கின்றன. ஓரிடத்தில் தராசு நிறுக்கிறது. நேற்றைய எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு எவ்வளவு நீர் செலவாயிற்று என்று கணக்கிட்டு, வேண்டிய அளவு நீரை ஊற்றுகிறது. நிறுப்பது, குறிப்பது, அனுப்புவது: இது நமது பார்சல் காரியாலயமேயன்றி வேறென்ன?

இவற்றின் அவசியம் 2022ஆம் ஆண்டு நம் அனைவருக்கும் விளங்கியது. அவ்வாண்டு மார்ச் மாதம் எப்படிக் கொளுத்திற்று என்பது நினைவிருக்கும். 1901 முதல் உள்ள கணக்கில் அத்தகைய வெப்பமான மார்ச் நாட்டில் இருந்ததில்லை. கோதுமை பால் பிடித்து முற்றும் காலம் அது. அப்போது வெப்பம் மிகுந்தால் மணி நிரம்புமுன்பே கதிர் பழுத்துவிடும், மணி சுருங்கும். விளைச்சல் குறைந்து விலை ஏறிற்று. மே 13 அன்று அரசாங்கம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அடுத்த கொடிய மார்ச் எந்த ஆண்டு வரும் என்று எவர் அறிவார்? அது வரும்வரை காத்திருந்து, அதில் எந்த வகை தாங்குகிறது என்று பார்ப்பதற்குள் காலம் கடந்துவிடும். மூடிய அறையிலோ அக்கொடிய மார்ச்சை எந்நாளிலும் வரவழைக்கலாம். பூக்கும் வரை இதமாய் வைத்து, மணி பிடிக்கும் வாரத்தில் மட்டும் 35 டிகிரி வெப்பம் காட்டி, எது தாங்குகிறது என்று காணலாம். வரப்போகும் துன்பத்தை ஒத்திகை பார்ப்பது என்று இதனைக் கூறலாம்.

இனி அந்த இரவைப் பற்றிக் கூறுகிறோம். சென்ற ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். 'ஆந்தி' என்று இவ்வூரார் சொல்லும் புழுதிப்புயல் அடித்து ஓய்ந்திருந்தது. இரவு 2 மணிக்கு மகளின் தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. அழைத்தது மனிதரன்று, அறை. வெப்பம் எல்லை மீறிவிட்டது என்று அறையே செய்தி அனுப்பியிருந்தது. தனியே அனுப்ப மனமில்லாமல் நமது ஸ்கூட்டரிலேயே அழைத்துச் சென்றோம். வாயிற்காவலர் பதிவேட்டில் நம் பெயரையும் எழுதிக்கொண்டு உள்ளே விட்டார்.

நடந்தது இதுதான். புயலில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஓடிற்று, பிறகு மின்சாரம் மீண்டது. இந்த மாறுதலில் விளக்குகள் தாமாக எரியத் தொடங்கின. குளிரூட்டும் யந்திரத்தின் கம்ப்ரசர் மட்டும் ட்ரிப் ஆகி நின்றுவிட்டது. 22 மணி நேரம் எரியும் விளக்குகள் அவை. மூடிய அறை, எரியும் விளக்கு, ஓடாத குளிர் யந்திரம். சிறிது நேரத்தில் அறை அடுப்பாகிவிடும். உள்ளே இருந்தவை பூக்கும் நிலையிலிருந்த நான்காம் தலைமுறைக் கோதுமைச் செடிகள். அவ்வேளையில் வெப்பம் மிகுந்தால் மகரந்தம் மலடாகிவிடும். விதை இன்னும் பிடிக்கவில்லை. ஆகவே அவை போனால் அந்த மரபும் போயிற்று. ஆனால் அவை போகவில்லை. 32 டிகிரியில் விளக்குகள் தாமே அணைந்திருந்தன. முதன்மைக் கருவியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இரண்டாவது உஷ்ணமானி ஒன்றும், விளக்கை வெட்டும் சிறு ஸ்விட்சும் அவ்வறையில் இருந்தன. 'ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு?' என்று சிலர் கேட்டபோதும் வற்புறுத்தி அவற்றைப் பொருத்தச் செய்தவள் நம் மகள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

கம்ப்ரசரை அவள் ஓட வைத்தாள். நாம் ஆவலோடு அறைக் கதவருகே சென்றோம். "அப்பா, நீங்கள் உள்ளே வர வேண்டாம், உங்கள் மூச்சே கணக்கைக் கெடுத்துவிடும்" என்றாள். திகைத்து நின்றோம். பின்னர் விளக்கினாள். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 420 பங்குக்குச் சற்று மேல் கரியமிலவாயு உண்டு. நாம் விடும் மூச்சிலோ அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. சிறிய அறைக்குள் ஒருவர் சற்று நேரம் நின்றாலே காற்றின் கணக்கு மாறும். செடியின் வளர்ச்சியும் மாறும். யந்திரம் மனிதனை வெளியே நிறுத்துவது அவனை இகழ்ந்தன்று. செடிக்குக் கேட்ட கேள்வி கலங்காதிருக்கவே என்பது அப்போது புரிந்தது. கண்ணாடிச் சாளரம் வழியாகப் பார்த்தோம். ஒரு முழ உயரமுள்ள கோதுமைச் செடிகள், இரவென்று அறியாமல், வரிசையாய் நின்றுகொண்டிருந்தன.

புறப்படுமுன் அவள் மேசையிலிருந்து ஒரு நீண்ட பதிவேட்டை எடுத்து எழுதினாள். தேதி, நேரம், கையிலுள்ள தனி உஷ்ணமானி காட்டிய அளவு, அறைக்கருவி காட்டிய அளவு, இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. நாம் வியந்து, "எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக்கொள்கிறதே, கையால் வேறு எழுதுவானேன்?" என்றோம். "யந்திரம் எழுதியதை அதே யந்திரத்தைக் கொண்டு சோதிக்க முடியாதே, அப்பா" என்றாள்.

அச்சொல் நம்மைப் பல ஆண்டுகள் பின்னுக்குக் கொண்டுசென்றது. நாம் பணியிற் சேர்ந்த புதிதில் ஒரு சிறு நிலையத்தில் பார்சல் நிறுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலை தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாராமல் வேலையைத் தொடங்கிவிட்டோம். குற்றம் நம்முடையதே. முற்பகல் முழுவதும் ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கிலோ கூடுதலாய்க் கணக்கேறிற்று. ஒரு முதிய விவசாயி தம் மூட்டையைத் தொட்டு, "பாபு, இது வீட்டில் நிறுத்தது, இவ்வளவு இராது" என்றார். தராசு பொய் சொல்லாது என்று அவரிடம் அதட்டலாய்ச் சொன்னோம். அவர் சுமந்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். பிற்பகலில் முள்ளைப் பார்த்தபோது நெஞ்சு துணுக்குற்றது. கணக்கைத் திருத்தி மற்றவர்களுக்குப் பணத்தைத் திருப்பினோம். அவரை மட்டும் காண முடியவில்லை. யந்திரம் பொய் சொல்லாது என்பது உண்மையே. ஆனால் பிழையாய் நிறுத்திவைத்தால், அப்பிழையை ஆயிரம் முறையும் மாறாமல் சொல்லும். மனிதன் களைப்பால் ஒரு நாள் தவறுவான், மறுநாள் திருந்துவான். யந்திரம் களைப்பதுமில்லை, தானே திருந்துவதுமில்லை.

பயிர் அறையிலும் இவ்வாறே. உஷ்ணமானி ஒன்றரை டிகிரி குறைத்துக் காட்டினால், கட்டுப்பாட்டுப் பெட்டி அதையே வேதவாக்காய் நம்பி, ஆண்டு முழுவதும் ஒன்றரை டிகிரி கூடுதலான வெப்பத்தில் செடியை வளர்க்கும். அறிக்கையில் அச்சிட்ட எண் அழகாய் இருக்கும். உண்மை வேறாய் இருக்கும். அதனை நம்பி வயலில் விதைப்பவன் அந்த முதிய விவசாயியைப் போன்ற ஒருவனே. அவனுக்கு நாம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க இயலாது. விழித்திருக்கும் பொறுப்பை யந்திரத்திடம் ஒப்படைக்கலாம். ஐயுறும் பொறுப்பை ஒப்படைக்கலாகாது. நம் மகளின் பதிவேட்டில் நாம் கண்டது அந்த ஐயத்தைத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையா அது? ஊற்றும் வேலையை யந்திரம் பார்த்துக்கொள்கிறது. யந்திரத்தின் நேர்மையைப் பார்த்துக்கொள்வது அவளது வேலை. மறுமுறை அந்த உறவினர் வந்தபோது இதனை அவருக்கு உரத்த குரலில் கூறினோம்.

மூடிய அறைக்கும் எல்லைகள் உண்டு. பல அறைகளின் விளக்குகள் உச்சி வெயிலின் ஒளியில் நான்கில் ஒரு பங்கு கூடத் தருவதில்லை. தொட்டியில் வேர் ஓட இடமில்லை. காற்று அலைக்கழிப்பதில்லை, புழு கடிப்பதில்லை. அறையின் நடுவிலிருக்கும் செடிக்கும் மூலையிலிருக்கும் செடிக்கும் ஒளி ஒன்றாய் இராது; ஆகவே தொட்டிகளை அடிக்கடி இடம் மாற்றி வைக்கின்றனர். மின்சாரச் செலவோ மிகப் பெரிது. எனவே அறையில் தேறிய வகை, வயலிலும் தேறினால்தான் பட்டம் பெறும். அறையில் வளர்ந்த நாற்றைத் திடீரென வெளியில் நட்டால் வாடிவிடும். சிறிது வெயில், சிறிது காற்று என்று நாள்தோறும் பழக்கி, அதன்பின்னரே மண்ணில் நடுவார்கள்.

இதனைக் கேட்டபோது நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நம் நினைவுக்கு வந்தது. வெளியே ஒரு பருவம் வீச, உள்ளே வேறொரு பருவத்தை நாமும் ஓர் அறையில் காத்து வருகிறோம். அது வேண்டும். ஆனால் வகுப்பில் மட்டும் வளரும் தமிழ் தொட்டிச் செடியே ஆகும். வீட்டிலும் கடையிலும் விளையாடுமிடத்திலும் குழந்தைகள் அதைப் பேசினால்தான் வேர் மண்ணைப் பற்றும். நாமும் அவ்வப்போது பதிவேட்டைத் திறந்து, வருகை எண்ணிக்கையை மட்டும் எழுதாமல், குழந்தை உண்மையில் என்ன படித்தது என்றும் சரிபார்க்க வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. யந்திரங்கள் எல்லா வேலைகளையும் பறித்துக்கொள்ளும் என்று நீங்கள் அஞ்சுவதைக் கேட்கிறோம். கையால் எழுதிய வேலையைக் கம்ப்யூட்டரிடம் பறிகொடுத்த குமாஸ்தா என்ற முறையில் அவ்வச்சத்தை நாம் அறிவோம், அது பொய்யன்று. ஆயினும் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு எந்த யந்திரத்தின் அருகிலும் இடமுண்டு என்பதை நம் வீட்டிலேயே கண்டோம். கருவிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளை இத்தகைய படிப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்கள் நம் மனக்குறையை நினைத்து நகைத்துவிட்டு, தயங்காமல் அனுப்புங்கள்.

அந்த நான்காம் தலைமுறைக் கோதுமை பிழைத்து, மணி பிடித்து, அறுவடையாகி, ஐந்தாம் தலைமுறையாய் மீண்டும் விதைக்கப்பட்டுவிட்டதென்று மகள் கூறினாள். அது நல்ல வகையாய்த் தேறுமா, தேறாதா என்பதை இனி வயல்தான் சொல்ல வேண்டும்.